கைகட்டி டீச்சரும் இரண்டாவது பிரேக்கும்

கைகட்டி டீச்சர் என்றால் எங்கள் பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் முதல் வாத்தியார் வரை எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் யாரென்று யோசிப்பார்கள். அவர் எனக்கு அண்ணி. நான் அதே பள்ளி அலுவலகத்தில் கிளார்க். வீட்டில் அவர்கள் கீழே, நான் மாடியில். ஆகவே வீட்டிலும் அவர் முகம், வேலையிலும் அவர் முகம் என்பது என் தலையெழுத்து. நாத்தனார் என்று இருந்தால் அண்ணியைப் பற்றி நாலு குறையாவது சொல்ல வேண்டும் என்பது உலக வழக்கம். அதை நான் ஏன் கெடுக்க வேண்டும்? குறையிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் குறை, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டார். அண்ணனுக்குக் கல்யாணமான புதிதில் ஒரு நாள் சமையலறையில் நின்றுகொண்டு, உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "எங்க இருக்கும்னு நினைக்கிறே?" என்றார். எனக்கு வந்ததே கோபம். உப்பு கேட்டால் உப்பைக் காட்ட வேண்டும், பரீட்சையா வைப்பது? வீம்புக்கு எல்லா டப்பாவையும் திறந்து பார்த்து நானே கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு அந்தச் சமையலறையில் எது எங்கே இருக்கிறது என்று யாரையும் நான் கேட்டதில்லை. அண்ணன் கேட்டால் நான்தான் எடுத்து நீட்டிவிடுவேன். அதனால் அவன் இன்றுவரை உப்பு எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறான்.

இரண்டாவது குறை முதல் குறையைவிட மோசம். நாம் ஏதாவது செய்யத் தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்தால், பக்கத்தில் வந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வேடிக்கை பார்க்கிறாரோ என்று தோன்றும். கிட்டே போய் முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. நம்மைவிட அவருக்குத்தான் வேர்க்கும். பின்னால் அந்தக் கைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். செய்துகொடுத்துவிட வேண்டும் என்ற அரிப்பு அவருக்கும் உண்டு, அதைத்தான் பின்னால் கட்டி வைத்திருக்கிறார் என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பது ஒரு கதை. அதற்கு என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். கூரையில் பலகை வைத்த சின்னக் கார், சொந்த டிரைவிங் ஸ்கூல். அந்த மாதிரிக் கார்களில் சொல்லிக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் இவர் மிதித்து நிறுத்தலாம். என் அண்ணன் தடுமாறும்வரை காத்திருக்கிற ஆள் இல்லை. தூரத்தில் ஒரு நாய் வாலை ஆட்டினால் போதும், அவன் கால் இறங்கிவிடும். ஊரில் அவனுக்கு பிரேக் மாஸ்டர் என்றே பெயர். அவனிடம் கற்றுக்கொண்டவர்கள் விபத்தே செய்ததில்லை என்று பெருமையாகச் சொல்வான். அவர்களில் பாதிப்பேர் லைசென்ஸ் வாங்கியும் வண்டியை எடுக்கப் பயந்து வீட்டோடு இருக்கிறார்கள் என்பதை நான் சொன்னால் என்னுடன் சண்டைக்கு வருவான்.

அண்ணிக்கும் அவன்தான் சொல்லிக்கொடுத்தான். மாதக்கணக்கில் நடந்தது அந்தக் கூத்து. அண்ணி கால் பிரேக்கில் படுவதற்கு முன்னால் இவன் கால் பட்டுவிடும். வண்டி நிற்கும், நிறுத்தியது தன் காலா அவன் காலா என்று அண்ணிக்குத் தெரியாது. தினமும் வீட்டுக்கு வந்து, தனக்கு இது வராது போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ஒரு நாள் அண்ணன் மாடிப்படியில் வழுக்கி வலது காலைச் சுளுக்கிக்கொண்டான். கட்டுப் போட்டாயிற்று. இன்றைக்கு வேண்டாம் என்றான். அண்ணி, காலி மைதானத்துக்குத்தானே போகிறோம், நீங்கள் சும்மா உட்கார்ந்து வாங்க என்று கூட்டிக்கொண்டு போனார். கட்டுப் போட்ட காலால் பிரேக்கை மிதிக்க முடியாது. அதனால் அவன் வாயால் மிதித்தான். போட்ட சத்தத்தில் மைதானத்துக் காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. அண்ணி வண்டியை நடுவழியில் ஆஃப் ஆக்கினார், ஒரு காலி டிரம்மைத் தள்ளிவிட்டார், திரும்பவும் எடுத்தார். வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை அன்றைக்குத்தான் தன் காலால் தெரிந்துகொண்டார். சாயங்காலம் வீட்டுக்கு அவரே ஓட்டிக்கொண்டு வந்தார்.

அண்ணன் அதைத் தன் பல மாத உழைப்பின் பலன் என்று எல்லோரிடமும் சொன்னான். அண்ணி மறுத்துப் பேசவில்லை. என்னிடம் மட்டும் ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார், "உங்க அண்ணன் கால் சுளுக்கலைன்னா எனக்கு ஜென்மத்துக்கும் கார் ஓட்டத் தெரிஞ்சிருக்காது." ஓட்டக் கற்றுக்கொண்ட அடுத்த வாரமே வகுப்பில் கையைப் பின்னால் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

அண்ணி கணக்கு டீச்சர். பல வருஷம் மற்றவர்களைப் போலத்தான் கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளை எழுத வைத்து, திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். பள்ளியில் வராந்தா கோடியில் ஓர் அறை இருந்தது. கால் உடைந்த பெஞ்சு, ஓடாத ஃபேன், கைப்பிடி போன வாளி எல்லாம் அங்கேதான் போகும். உடைசல் ரூம் என்று பெயர். அண்ணி ஹெட்மாஸ்டரிடம் போய் அதன் சாவியைக் கேட்டார். உடைந்த சாமான்களை என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, நான் ஒன்றும் செய்யப்போவதில்லை, பிள்ளைகள்தான் செய்வார்கள் என்றார். ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர், ஆனால் மதில் மேல் பூனை. வேண்டாம் என்று சொல்லத் துணிவில்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டு வரை, வாரத்தில் சில நாள் மதியத்துக்கு மேல் பிள்ளைகள் அந்த அறைக்குப் போவார்கள். என்ன செய்வது என்று அவர்களே முடிவு பண்ண வேண்டும். செய்கிற பொருள் பள்ளிக்கூடத்தில் யாருக்காவது தேவைப்படுவதாக இருக்க வேண்டும். அந்த ஆளிடம் போய் அவர்களே கேட்டு, அளந்து வர வேண்டும். ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் கேட்காமல் கை வைக்கக் கூடாது. டீச்சர் உட்பட. ரத்தம், நெருப்பு, கரண்ட் இந்த மூன்றுக்கு மட்டும்தான் அண்ணியின் கை அவிழும்.

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்புக்கு சொதப்பல் நேரம் என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர்தான். அந்த வாரம் சரியாக வராத சாமான் எதுவோ அதைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லோர் முன்னாலும் வைக்க வேண்டும். என்ன நினைத்தேன், என்ன ஆனது, அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். யாராவது சிரித்தால் அடுத்த முறை அவர்தான் தன் சொதப்பலோடு வர வேண்டும். நான் ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்துவிட்டு மாட்டிக்கொண்டேன். சம்பளப் பட்டியலில் நான் செய்த குளறுபடியை அத்தனை வாண்டுகள் முன்னாலும் நின்று விளக்க வேண்டியதாயிற்று. சொல்லி முடித்த பிறகு மனசு என்னவோ லேசாக இருந்தது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று ஆண்டு விழா மேடையில் பேசாத பெரிய மனுஷர் கிடையாது. மேடையை விட்டு இறங்கியதும் பிள்ளைக்கு இன்னொரு கைடு வாங்கப் போய்விடுவார்கள். அண்ணி மேடையேறிப் பேசியதே இல்லை. உடைசல் ரூமில் சாய்ந்து நின்ற அலமாரியைப் பார்த்து ஒரு பெண் தானாக வந்து கோணத்தைப் பற்றிக் கேட்டபோது, அந்தப் பாடம் புத்தகத்தில் இன்னும் மூன்று மாதம் தள்ளி இருந்தது. அன்றைக்கே வகுப்பில் நடத்தினார். கேட்டு வாங்கிய பாடம் மறக்குமா? இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இருந்தவன் என் அண்ணன்தான்.

அவனுக்குச் சந்தேகம் வரக் காரணம் அவன் பெண். எங்கள் வீட்டுச் செல்லம். தவழுகிற வயதிலேயே ரேடியோவின் பின்பக்கத்தைக் கழற்றியவள் என்பதால் நான் வைத்த பெயர் திருகாணி. எட்டாவது படிக்கிறாள். அவள் அந்த அறையில் செய்ய எடுத்துக்கொண்டது தண்ணீர் கேன் தள்ளும் வண்டி. எங்கள் பள்ளி வாசல் மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து ஒரு சிமெண்ட் சரிவு கீழே முற்றத்துக்கு இறங்கும். கேன் போடுகிறவர் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஆயாம்மா ஒவ்வொன்றாக இடுப்பில் வைத்து இறக்குவார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி ஏறுவார். திருகாணி அவரிடம் போய், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். புது இடுப்பு வேண்டும் என்றிருக்கிறார் ஆயாம்மா. இவள் வண்டி செய்யக் கிளம்பிவிட்டாள்.

முதல் வண்டிக்கு பிரேக் இல்லை. சரிவில் விட்டதும் அது பாட்டுக்கு ஓடி ஹெட்மாஸ்டரின் பூந்தொட்டிகளில் போய் நின்றது. இரண்டாவது முறை முன் சக்கரங்களில் கட்டை அழுத்துகிற மாதிரி ஒரு பிரேக் வைத்தாள். நல்ல பலமான பிரேக். வண்டி டக்கென்று நின்றது, கேன்கள் நிற்கவில்லை. வண்டி முன்பக்கமாகக் குப்புறக் கவிழ்ந்து, ஹெட்மாஸ்டரின் பாதம் நனைந்தது. அந்த மனுஷர் எப்போதும் அந்த நேரத்தில்தான் அந்த இடத்தில் இருப்பார். திருகாணி இரவும் பகலும் அதே நினைவாக இருந்தாள். சாப்பிடும்போதும் தட்டைச் சறுக்கவிட்டுக் கரண்டியால் நிறுத்திப் பார்ப்பாள். அந்தப் பருவத் தேர்வில் வரலாறு, மொழிப்பாடம் இரண்டிலும் மதிப்பெண் சரிந்தது. கணக்கு மட்டும் ஏறியது. அண்ணன் கண்ணுக்கு ஏறினது தெரியவில்லை.

அதே சமயம் பெற்றோர் கமிட்டியிலும் புகைச்சல் கிளம்பியது. கமிட்டித் தலைவர் மருந்துக்கடைக்காரர். கெட்டவர் இல்லை, பிள்ளைகள் நன்றாக வர வேண்டும் என்று உண்மையாகவே கவலைப்படுகிறவர். எல்லாக் கவலைக்கும் ஒரு மாத்திரை இருக்கிறது என்று நம்புகிறவர், அவ்வளவுதான். உடைசல் ரூமை மூடிவிட்டு அங்கே தேர்வுப் பயிற்சி வகுப்பு வைக்கலாம் என்றார். கமிட்டியில் அவரையும் சேர்த்து ஐந்து பேர். இரண்டு பேர் மூடச் சொன்னார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். மிச்சமிருந்த ஒருவன் என் அண்ணன்.

நான் சும்மா இருக்கிற ஆளா? அன்று அண்ணனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து மாடிக்குக் கூப்பிட்டுப் பேச்சை எடுத்தேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "எனக்குப் படிப்பு ஏறல. அதான் காலம் பூரா பக்கத்து சீட்டுலயே உக்காந்திருக்கேன். அவளாவது ஓட்டுற சீட்டுல உக்காரணும்."

"ஓட்டுற சீட்டுல உக்காரணும்னா ஓட்ட விடணும்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான்.

அண்ணி அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் ஓட்டுக் கேட்பதில்லை என்று இருந்துவிட்டார். உங்கள் கொள்கையெல்லாம் பள்ளிக்கூடத்தோடு இருக்கட்டும், இங்கே கொஞ்சம் வாயைத் திறங்கள் என்று நான் கத்தினேன். துணி மடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். கண் நிறைந்திருந்தது.

"கமிட்டி மூடினா மூடட்டும், நான் வேற ஒரு மூலையைப் பாத்துக்குவேன். ஆனா அவர் கையைத் தூக்கி அது மூடுச்சுன்னா, அதை என்னால தாங்க முடியுமான்னு தெரியல. கேட்டு வாங்கினா அது அவர் முடிவும் இல்ல. அவரே வந்து பாக்கட்டும்."

அந்த அறையைவிடப் பெரிதாக ஒன்று அந்த ஓட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருவர் மேலும் பாசம் வைத்த நான் நடுவில் நின்று முழித்தேன்.

கமிட்டி அறையை நேரில் பார்த்துவிட்டு முடிவெடுப்பதாக ஏற்பாடு. ஹெட்மாஸ்டர் அண்ணியைக் கூப்பிட்டு, இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அண்ணி பிள்ளைகளிடம் போய் சொன்னது இவ்வளவுதான்: பெரியவர்கள் வருகிறார்கள், இந்த அறையில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டுமாம், எதைக் காட்டுவது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள். மற்ற டீச்சராக இருந்தால் ஒத்திகை நடத்தி, யார் எங்கே நிற்பது என்று கோடு போட்டிருப்பார்கள்.

கமிட்டி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. கடைசி வகுப்பு நேரம்.

நான் கதவைத் திறந்து விட்டேன். உள்ளே பார்த்ததும் திரும்பச் சாத்திவிடலாமா என்று தோன்றியது. மேஜைகளைச் சுவரோரம் வரிசையாகப் போட்டு, துணி விரித்து, அழகாக அடுக்கியிருந்தார்கள். அடுக்கியிருந்ததெல்லாம் சொதப்பல். உட்கார்ந்தால் ஆடுகிற ஸ்டூல். சொட்டுவதை நிறுத்தாத குழாய். வெளிச்சம் தராத மேஜை விளக்கு. மூட முடியாத பெட்டி. நடுவில் ராஜா மாதிரி திருகாணியின் தண்ணீர் வண்டி. நூலகத்தில் நிற்கிற நல்ல அலமாரியோ, நேராக நிற்கிற நோட்டீஸ் பலகையோ ஒன்றும் அங்கே இல்லை.

நல்லதெல்லாம் எங்கே என்று ஒரு பையனைத் தனியாக இழுத்துக் கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அதெல்லாம் யாருக்கு வேண்டுமோ அவர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்களே, வேலை முடிந்த சாமானுக்கு இங்கே என்ன வேலை என்றான். அவன் பேச்சில் தப்பு இல்லை. இந்த அறைப் பிள்ளைகளைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். பெரியவர்கள் வந்தது வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை கொண்டுவர வேண்டியதைக் கொண்டுவந்திருக்கிறார்கள். அண்ணியைப் பார்த்தேன். அவருக்கும் முகம் வெளுத்துத்தான் இருந்தது. கைகள் மட்டும் பின்னால் அவிழவில்லை.

மருந்துக்கடைக்காரர் ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்து, ஆடி, எழுந்தார். ஒரு விளக்கை அமுக்கிப் பார்த்தார், எரியவில்லை. ஹெட்மாஸ்டர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"இதுக்காடா இவ்வளவு நேரத்தைச் செலவு பண்றீங்க?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். கோபமாக இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். பெண்டாட்டிக்காக வெட்கப்படுகிறான் என்று தெரிந்தது. எனக்கு அவனை அங்கேயே அறையலாம் போலவும் இருந்தது, அழலாம் போலவும் இருந்தது.

பிள்ளைகள் அசரவில்லை. அவர்களுக்கு இது வழக்கமான வெள்ளிக்கிழமை. ஸ்டூல்காரப் பையன், நாலு காலையும் தனித்தனியாக அளந்து வெட்டியதுதான் தன் தவறு, ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்து வெட்டியிருக்க வேண்டும் என்றான். விளக்குக்காரப் பெண், எந்த இணைப்பில் கோளாறு என்று இன்னும் தெரியவில்லை, பாதிவரை சோதித்தாயிற்று, மீதி அடுத்த வாரம் என்றாள். யாருக்கும் குரல் நடுங்கவில்லை. யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. கமிட்டியில் ஒருவர், அந்த அறையின் விதி தெரியாமல், ஸ்டூலைத் தூக்கித் தலைகீழாக வைத்துப் பார்க்க ஆரம்பித்திருந்தார். கேக்காம கை வைக்கக் கூடாது சார் என்று பையன் மரியாதையாகச் சொன்னான். அவர் பட்டென்று கீழே வைத்துவிட்டார்.

கடைசியில் திருகாணி. அவள் அப்பாவைப் பார்க்கவே இல்லை. முதல் வண்டி, பூந்தொட்டி, இரண்டாவது வண்டி, கவிழ்ந்த கேன் எல்லாம் சொன்னாள். "பிரேக் பலமா இருந்தா நல்லதுன்னு நினைச்சேன். அதான் தப்பு. பலமா பிடிச்சா வண்டி கவுந்துடுது. எப்ப பிடிக்கணும், எவ்வளவு பிடிக்கணும்கிறதுதான் முக்கியம்" என்றாள். எங்கள் பக்கத்தில் ஒரு கனைப்பு கேட்டது. அண்ணன் நிமிர்ந்திருந்தான்.

மூன்றாவது முறை பிரேக்கைப் பின் சக்கரங்களுக்கு மாற்றிவிட்டாளாம். பழைய டயர் ரப்பரை வெட்டி, கயிற்றால் இழுத்து மெதுவாக அழுத்துகிற மாதிரி. ஆனால் இதுவும் சரியில்லை, ஏன் என்று வந்து பாருங்கள் என்று எல்லோரையும் சரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

வண்டியில் நிறை கேன்களை ஏற்றினார்கள். ஆயாம்மா தள்ளி நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஹெட்மாஸ்டர் இந்த முறை முன்யோசனையோடு மேட்டில் நின்றார். திருகாணி கயிற்றைப் பிடித்தபடி வண்டியோடு இறங்கினாள். வண்டி வேகம் எடுத்தது. நான் அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ, அதில் அவ்வளவு பலம். திருகாணி இழுத்தாள். வண்டி தயங்கி, வேகம் குறைந்து, கவிழாமல், இடது பக்கமாகக் கோணிக்கொண்டு போய்க் கைப்பிடிச் சுவரில் உரசி நின்றது. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை.

"நிக்குது. ஆனா நேரா நிக்க மாட்டேங்குது. ஏன்னு தெரியல" என்றாள் திருகாணி.

அண்ணன் சரிவில் இறங்கிவிட்டான். அவனுக்கு பிரேக் என்பது பிழைப்பு. ஏன் இழுக்கிறது என்று அவன் மனசில் பதில் தயாராக இருந்தது என்பது அவன் நடையிலேயே தெரிந்தது. வண்டியருகே போய்க் குனிந்து, கையை நீட்டி, வாயையும் திறந்தான். அப்போது எதிரே பார்த்தான். அண்ணி நின்றுகொண்டிருந்தார். கைகள் பின்னால். முகம் வேர்த்திருந்தது. அவர் அவனைத் தடுக்கவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை. நின்றார், அவ்வளவுதான். அண்ணன் அவரைப் பார்த்தபடியே நீட்டிய கையை மடக்கினான். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் விட்டு எடுத்து, கடைசியில் பின்னால் கட்டிக்கொண்டான். பழக்கமில்லாத கட்டு, சட்டை கசங்கியது.

"எந்தப் பக்கம் இழுக்குது?" என்று கேட்டான்.

"இடது."

"ஏன்னு நினைக்கிறே?"

என் அண்ணன் வாயிலிருந்து வந்தது அண்ணியின் கேள்வி. திருகாணி முதல் தடவையாக அவனை நிமிர்ந்து பார்த்தாள். கேன்களை இறக்கிவிட்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தாள். வெளியே இரண்டு கால் மட்டும் தெரிந்தது. உள்ளேயிருந்து குரல் வந்தது, "அப்பா, இருட்டா இருக்கு, டார்ச் அடிங்க. கை மட்டும் வைக்காதீங்க."

அண்ணன் கமிட்டிக்காகப் போட்டுவந்த வெள்ளைச் சட்டையோடு சிமெண்ட் தரையில் முட்டி போட்டு, செல்போன் விளக்கை உள்ளே பிடித்தான்.

நேரம் போயிற்று. கடைசி மணி அடித்தது, பிள்ளைகள் யாரும் நகரவில்லை. மருந்துக்கடைக்காரர் கடையைத் திறக்க வேண்டும், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "நாலு பேர் முடிவு தெரிஞ்சதுதான். நீங்க சொல்லிட்டா போதும். அந்த ரூமை என்ன பண்ணலாம்?"

அண்ணன் தலையைத் திருப்பவே இல்லை. "சார், கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. அவ யோசிச்சுக்கிட்டிருக்கா" என்றான்.

ஹெட்மாஸ்டர் மேட்டிலிருந்து, அப்படியானால் அறை இருக்கட்டும் என்றுதான் அர்த்தம், இல்லையா என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். அவர் வாழ்க்கையில் மதிலை விட்டு இந்தப் பக்கம் குதித்தது அன்றைக்குத்தான். ஸ்டூலைத் தலைகீழாக வைத்துப் பார்த்தவரும் மூடச் சொன்ன இருவரில் ஒருவர். தன் ஓட்டையும் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வெள்ளிக்கிழமை அந்த ஸ்டூல் என்ன ஆயிற்று என்று பார்க்க வரலாமா என்றார். அண்ணி முற்றத்துக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அழுதாரா என்று நான் கேட்கவில்லை. எனக்கே கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் வண்டிக்கு அடியிலிருந்து, வலது பக்கக் கயிற்றின் முடிச்சு நழுவியிருக்கிறது, அதனால் அந்தச் சக்கரத்தை ரப்பர் சரியாகப் பிடிக்கவில்லை என்று சத்தம் வந்தது. முகமெல்லாம் கறுப்பு மசியோடு திருகாணி வெளியே வந்தாள்.

சாயங்காலம் எல்லோரும் அண்ணனுடைய காரில்தான் வீட்டுக்குக் கிளம்பினோம். அண்ணி ஓட்டினார். நானும் திருகாணியும் பின்னால். வழக்கமாக அண்ணி ஓட்டும்போதும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தன் பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் வருவான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தானாக நிறுத்திய சிக்னல்கள் குறைவு. அன்றைக்கு வண்டி கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் வாயைத் திறந்தான்.

"இடது பக்க ரப்பர் தடிமனா இருக்குன்னுதான் நான் சொல்ல இருந்தேன். சொல்லியிருந்தா தப்பாப் போயிருக்கும்" என்றான்.

அண்ணி சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

"கால் சுளுக்கின அன்னிக்குத்தான் நீ ஓட்டக் கத்துக்கிட்டே. இல்ல?"

"இப்பதான் தெரியுதாக்கும்" என்றார் அண்ணி.

முன்னால் ஒரு ஆட்டோ குறுக்கே திரும்பியது. எனக்கே திக்கென்றது. பார்த்தால், அண்ணன் சீட் பெல்ட் போட்டபடி, எப்போதோ ஷூவைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் மடித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். கண்ணை மட்டும் இறுக மூடியிருந்தான். அண்ணி பிரேக்கை மிதித்தார். வண்டி அலுங்காமல், நேராக நின்றது.